விழிஞ்ஞம் கணக்கில் நம் பங்கு

விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதற்கு முன்பே, 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற கப்பல் முதன்முதலாகக் கண்டெய்னர்களுடன் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வியாபார முறையில் வேலையும் தொடங்கிவிட்டது. 2025 ஜூனில் வந்த ‘எம்.எஸ்.சி. ஐரினா’ ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். உலகிலேயே மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஒன்று. பதினாறு, பதினேழு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளம் வருமோ அவ்வளவு. கோவளத்துக்குப் பக்கத்தில், நேற்று வரை மீன் விற்ற ஊரில், இப்படி ஒரு கப்பல் வந்து நிற்பதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமைப்பட்டபின் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் கட்டத்துக்கு ஆன செலவு ரூ. 8,867 கோடி என்று அரசுத் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதில் கேரள அரசின் பங்கு ரூ. 5,595 கோடி. துறைமுகத்தை நடத்தும் அதானி கம்பெனியின் பங்கு ரூ. 2,454 கோடி. மத்திய அரசின் பங்கு ரூ. 818 கோடி. அதாவது நூறு ரூபாய் செலவில் 63 ரூபாய் கேரள ஜனங்களுடையது, 28 ரூபாய் கம்பெனியுடையது, 9 ரூபாய் மத்திய சர்க்காருடையது.

கேரள ஜனங்கள் என்று சொல்லும்போது அதில் நாமும் அடக்கம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரும், தம்பானூர் ஹோட்டலில் மாவு அரைக்கிறவரும், கட்டட வேலைக்குக் களியக்காவிளை தாண்டி வருகிறவரும் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள். அந்த வரியில் ஒரு பாதி இந்த ராஜ்யத்தின் கஜானாவுக்குப் போகிறது. லாட்டரியைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு, 1967 முதல் நடக்கும் கேரள லாட்டரிக்கு நம்மவர்கள் செய்திருக்கும் கைங்கரியம் கொஞ்சமா? விழாத சீட்டின் காசில் விழிஞ்ஞத்துக் கல் ஒன்றாவது வாங்கியிருப்பார்கள். ஆகவே இந்தத் துறைமுகத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. எந்த நிபந்தனையில் அந்தப் பங்கைப் போட்டோம் என்பதை மட்டும் நம்மிடம் யாரும் சொல்லவில்லை.

அரசாங்கம் ஏன் இதில் இறங்க வேண்டும், தனியார் பணக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நமக்குச் சரியாகப் படவில்லை. விழிஞ்ஞத்தில் கடல் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். கிழக்கும் மேற்கும் போகும் சர்வதேசக் கப்பல் பாதை பத்துக் கடல் மைலில் இருக்கிறது. ஆனால் கப்பல் அமைதியாக நிற்க வேண்டுமானால் கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு அலை தடுப்புச் சுவர் வேண்டும். அப்படி ஒரு சுவரைத் தன் சொந்தப் பணத்தைப் போட்டு எழுப்பிவிட்டு எந்த முதலாளியும் காத்திருக்க மாட்டார். இந்தியாவிலிருந்து கப்பல் மாற்றி அனுப்ப வேண்டிய சரக்கில் முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கிளாங் போன்ற வெளிநாட்டுத் துறைமுகங்கள் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. இதற்குக் கொடுக்கும் கூலி நம் நாட்டிலேயே தங்க வேண்டும் என்று அரசு நினைத்தது நியாயம். இந்தச் சீமையில் இது புதிதும் அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானமே 1938-இல் பஸ் ஓட்டியது. உரத் தொழிற்சாலையும் டைட்டானியம் தொழிற்சாலையும் சமஸ்தான காலத்தில் பிறந்தவைதான். கேள்வி அரசு இறங்கியதைப் பற்றியது அல்ல. இறங்கும்போது செய்துகொண்ட பேரத்தைப் பற்றியது.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பேரம் பழகிய கதை. 1849-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே ஆகிய லண்டன் கம்பெனிகளோடு கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. நிலம் இலவசம், குத்தகை 99 ஆண்டு, போட்ட முதலுக்கு ஏறக்குறைய 5 சதவீத வட்டி நிச்சயம். லாபம் வந்தால் கம்பெனிக்கு. வட்டிக்குப் போதாவிட்டால் இந்தியக் கஜானாவிலிருந்து ஈடு கட்ட வேண்டும். ராயபுரத்திலிருந்து 1856-இல் முதல் வண்டியை ஓட்டிய மதராஸ் ரயில்வேயும் இந்த வகைதான். எப்படிச் செலவு செய்தாலும் வட்டி வரும் என்று ஆனபின் சிக்கனம் எதற்கு? ரயில் வந்தது உண்மை. தண்டவாளத்தை ஒருநாளும் கண்ணால் பார்க்காத குடியானவன் நிலவரி வழியாக அந்த வட்டியைக் கட்டினான் என்பதும் உண்மை. அவனுக்கு அன்று ஓட்டு கிடையாது.

ஓட்டு இருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் புக்கானனுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் கார்டன் டல்லக் என்பவரும் சொன்னதன் சாரம், நம் ஊர்த் திண்ணையில் பேசுகிற விஷயந்தான். கடைக்காரன் தன் லாபத்தைப் பார்ப்பதுபோல மந்திரியும் அதிகாரியும் கட்சியும் தங்கள் லாபத்தைப் பார்ப்பார்கள். சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த உடனே ஒருவர் சன்னியாசி ஆகிவிடுவதில்லை. கம்பெனியின் லாபம் பணத்தில். மந்திரியின் லாபம் அடிக்கல்லில். மான்கர் ஓல்சன் என்ற இன்னொருவர் 1965-இல் எழுதிய நூலில் சொன்னது: பெரிய லாபத்துக்குக் காத்திருக்கும் சிலர் எளிதாக ஒன்று சேர்வார்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் நஷ்டப்படும் கோடிப் பேர் ஒருநாளும் ஒன்று சேரமாட்டார்கள். இதைத்தான் நம் பெரியவர்கள் கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்றார்கள்.

விழிஞ்ஞத்தில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இதற்கு முந்தைய டெண்டர்கள் வழக்கிலும் பேரத்திலும் முறிந்து போயின. கடைசி டெண்டருக்குத் தகுதி பெற்ற கம்பெனிகள் ஐந்து. டெண்டர் பாரம் வாங்கியவை மூன்று. விலை எழுதிப் பெட்டியில் போட்டது ஒன்றே ஒன்று. ஒருவர் மட்டும் கேட்ட ஏலத்தில் விலை எப்படி இருக்கும் என்பதை மீன் சந்தைக்குப் போய்வருகிற எவரும் சொல்வார். அந்தக் கம்பெனி கேட்ட மானியம் ரூ. 1,635 கோடி. மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து கொடுக்கக்கூடிய உச்சவரம்பான 40 சதவீதத்தை அது ஏறக்குறைய அப்படியே தொட்டது. 2015 ஆகஸ்டு 17-இல் உம்மன் சாண்டி அரசு கையெழுத்துப் போட்டது.

ஒப்பந்தக் காலம் 40 ஆண்டு. மேலும் 20 ஆண்டு நீட்டிக்கலாம். வழக்கமான காலம் 30 ஆண்டுதான், கூடுதலாகக் கொடுத்த பத்தாண்டினால் கம்பெனிக்கு ரூ. 29,217 கோடி அதிக வருமானம் சேரும் என்று 2017-இல் சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை சொன்னது. அதன்பேரில் அமைந்த நீதிபதி ராமச்சந்திரன் நாயர் ஆணையம் ஊழல் நடந்ததாகக் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லஞ்சம் கைமாறாமலே ஒரு பேரம் மோசமாக முடியலாம். எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாகத் தாக்கிய இடதுசாரிகள் 2016-இல் ஆட்சிக்கு வந்தார்கள். ஆட்சி மாறியது, ஒப்பந்தம் மாறவில்லை. கட்டத் தொடங்கிய சுவரைப் பாதியில் விட்டால் யாருக்கு ஓட்டு விழும்?

ஆயிரம் நாளில் முடித்துத் தருவோம் என்றார்கள். ஒன்பது ஆண்டு ஆயிற்று. 2017-இல் ஒக்கிப் புயல், அடுத்த ஆண்டு வெள்ளம், பிறகு கொரோனா என்று காரணங்கள் இருந்தன. கல் கிடைக்காத காரணமும் இருந்தது. அந்தக் கல்லில் பெரும்பகுதி நம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டத்துக் குன்றுகளிலிருந்து போனது. அளவுக்கு மேல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் மார்த்தாண்டம் வழியாக ஓடின. உடைந்த சாலைக்கும் நடந்த விபத்துக்கும் ரூ. 8,867 கோடிக் கணக்கில் இடமில்லை.

இனி வரவைப் பார்ப்போம். 2024 நவம்பரில் செய்த துணை ஒப்பந்தப்படி, துறைமுக வருமானத்தில் கேரள அரசுக்குப் பங்கு வரத் தொடங்குவது 2034-இல். முன்பு இருந்த ஏற்பாட்டைவிட இது ஐந்தாண்டு முந்தியது என்கிறார்கள், சரி, வரவேற்போம். ஒரு சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு சதவீதமாக ஏறுவது என்பது மூல ஒப்பந்தத்தில் எழுதிய விதி. நூற்றுக்கு 63 போட்டவருக்கு, துறைமுகம் ஓடத் தொடங்கிப் பத்தாண்டு கழித்து, முதல் பங்காக நூற்றுக்கு ஒன்று! நடுவில் சரக்கின் மேல் வரி வரும், வேலை வரும், அவை வேறு கணக்கு. நம் ஊரில் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கூட இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்க மாட்டார்.

மத்திய அரசின் 818 கோடியிலும் ஒரு சிக்கல். கட்டுபடியாகாத திட்டங்களுக்குக் குறையை ஈடு செய்ய டில்லி கொடுக்கும் நிதி இது, வழக்கமாக மானியம். விழிஞ்ஞத்துக்கு மட்டும், துறைமுகத்தில் வருமானம் வரும்போது பணத்தின் அன்றைய மதிப்பில் திருப்பித் தர வேண்டும் என்று டில்லி சொல்லிவிட்டது. இது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கோடி வரை ஆகும் என்று கூறி, முதலமைச்சர் பினராயி விஜயன் 2024-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தூத்துக்குடி வெளித் துறைமுகத்துக்கு இந்த நிபந்தனை இல்லையே என்றும் கேட்டார். தூத்துக்குடி மத்திய அரசின் சொந்தத் துறைமுகம், அதை ஒப்பிட முடியாது என்பது டில்லியின் பதில். முடிவில் 2025 ஏப்ரலில் கேரளம் பணிந்து கையெழுத்துப் போட்டது.

தூத்துக்குடிக்குக் கிடைத்ததே என்று நம்மில் சிலருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் இங்கே சம்பளம் வாங்கி இங்கே வரி கட்டுகிறவர்கள், டில்லிக்குத் திருப்பிக் கட்டும் அந்தப் பணத்திலும் தங்கள் பங்கு இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தேசத்தின் சரக்கு கொழும்புக்குப் போகாமல் தடுக்கும் துறைமுகம் என்று மேடையில் பேசுவது, ஆபீஸில் உட்கார்ந்து வட்டியோடு கேட்பது என்றால், அது டில்லிக்கு அழகல்ல.

திட்டம் போடுவது யார் என்ற கேள்வி இந்த இடத்தில் எழுகிறது. விழிஞ்ஞம் வேலை தொடங்கியது 2015 டிசம்பரில். எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2016 ஜூலையில் குளச்சல் பக்கம் இனையத்தில் இன்னொரு பெரிய துறைமுகத்துக்கு மத்திய மந்திரிசபை கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது. இரண்டுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஒரே கடல், ஒரே கப்பல் பாதை, ஒரே சரக்கு. 1956 நவம்பர் 1-இல் போட்ட எல்லைக்கோடு மட்டும் நடுவில். கேரளம் எதிர்த்தது, குமரி மீனவர்கள் எதிர்த்தார்கள், இடத்தைக் கீழமணக்குடிக்கு மாற்றிப் பார்த்தார்கள், கடைசியில் கைவிட்டார்கள். 2005-இல் மதுரையில் தொடங்கி வைத்த சேது சமுத்திரத் திட்டம் பல நூறு கோடியைக் கடலில் கொட்டிவிட்டு நின்று போனதும் நமக்குத் தெரியும். தேர்தல் கணக்கில் பிறக்கும் திட்டம் கப்பல் கணக்கில் தேறுகிறதா என்று முன்கூட்டியே பார்க்க ஆள் இல்லை.

பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. கொச்சி வல்லார்பாடத்தில் இதே கப்பல் மாற்றுச் சரக்குக்காக ஒரு கண்டெய்னர் துறையை 2011 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். அப்போது இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு கொண்டுபோக இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களுக்கு மட்டுமே உரிமை என்று சட்டம் இருந்தது. வெளிநாட்டுக் கப்பல் வந்து இறக்கும் கண்டெய்னரைத் தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ எடுத்துப் போகப் போதிய இந்தியக் கப்பல் இல்லை. ஒரு கையால் துறைமுகம் கட்டிய அரசு, மறு கையால் கப்பலைத் தடுத்துக்கொண்டிருந்தது. விதியைத் தளர்த்த அடுத்த ஆண்டு வரை ஆயிற்று. கொழும்பு சும்மா இருக்குமா? சரக்கு அங்கேயே நிலைத்துவிட்டது.

அந்த வல்லார்பாடத்துக்காக இடப்பள்ளியிலிருந்து ரயில் பாதை போட்டார்கள். வேம்பநாட்டுக் காயல் மேல் 4.62 கிலோமீட்டர் பாலம். அன்றைக்கு இந்தியாவிலேயே நீளமான ரயில் பாலம். எர்ணாகுளம் பக்கம் வேலை செய்யும் நண்பர்களைக் கேட்டால், அதில் வண்டி போவதைவிடக் கொக்கு உட்காருவது அதிகம் என்று சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. மூலம்பிள்ளி உள்ளிட்ட ஏழு கிராமங்களில் 316 குடும்பங்கள் இந்தப் பாதைக்காகவும் சாலைக்காகவும் வீடு இழந்தன. 2008 பிப்ரவரியில் போலீஸை வைத்து வெளியேற்றினார்கள். சொன்னபடி மாற்று வீடு கிடைக்காதவர்கள் பல ஆண்டு அலைந்தார்கள்.

இப்போது விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை வரப்போகிறது. இதில் 9 கிலோமீட்டர் பூமிக்கு அடியில் சுரங்கம். கொங்கண் ரயில்வே பொறுப்பு. 2028 டிசம்பர் என்று நாள் குறித்திருக்கிறார்கள். செலவு சுமார் 1,480 கோடி. இது கேரள அரசின் தலையில். பாதை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. கண்டெய்னர் கப்பலிலிருந்து கப்பலுக்கே மாறிக்கொண்டிருந்தால் கரையில் இருப்பவனுக்கு வேடிக்கை பார்ப்பதுதான் மிச்சம். தென் தமிழ்நாட்டுச் சரக்கு ரயிலில் ஏறி இங்கே வந்தால்தான் லாரி ஓடும், குடோன் எழும், சுமைக்கூலி கிடைக்கும், நம்மவர்கள் நூறு பேருக்காவது நிரந்தர வேலை வரும். ஆனால் நாகர்கோவில், திருவனந்தபுரம் பாதையில் ஏற்கனவே வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. பாலராமபுரத்துக்கு வந்து சேரும் கண்டெய்னர் வண்டிக்கு அங்கிருந்து எந்த வழி? இரட்டைப் பாதை வேலை அதற்குள் முடியுமா? இதையெல்லாம் சுரங்கம் தோண்டும்போதே கேட்க வேண்டும். பாலத்தில் கொக்கு உட்கார்ந்தபின் கேட்டுப் பயனில்லை.

நஷ்டம் ஒரே இடத்தில் குவிந்தால் ஏழையும் வாய் திறப்பான் என்பதை மீனவர்கள் காட்டினார்கள். 2022 ஆகஸ்டு 16 முதல் டிசம்பர் 6 வரை லத்தீன் கத்தோலிக்கச் சபையின் தலைமையில் துறைமுக வாசலில் போராட்டம் நடந்தது. நடுவில் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. அதை யாரும் நியாயப்படுத்த முடியாது. சுவர் கட்டியதால்தான் வடக்கே கரை அரித்து வீடுகள் போயின என்பது மீனவர்கள் வாதம். அரசும் கம்பெனியும் அதை ஒப்பவில்லை. வீடு இழந்து வலியதுறை சிமெண்டு குடோனில் ஆண்டுக்கணக்கில் கிடந்த குடும்பங்களுக்கு மாதம் ரூ. 5,500 வாடகைப் பணம் என்ற உத்தரவு அந்தப் போராட்டத்தின் நடுவில்தான் பிறந்தது. சபை இருந்தது, ஊர் இருந்தது, ஓட்டு இருந்தது. ஆகவே மந்திரிகள் பேச வந்தார்கள்.

நமக்கு என்ன இருக்கிறது? 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ நடுக்கடலில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையிலும் ஒதுங்கின, எல்லை தாண்டிக் குமரிக் கரையிலும் ஒதுங்கின. கேரள அரசு ரூ. 9,531 கோடி இழப்பீடு கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போய், அதே கம்பெனியைச் சேர்ந்த வேறொரு கப்பலை விழிஞ்ஞத்திலேயே நிறுத்திவைக்க உத்தரவு வாங்கியது. பொறுப்புள்ள அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம் இது. குளச்சலில் வலை போடுகிற சொந்தக்காரருக்காக அந்தக் கோர்ட்டில் யார் பேசுவது என்பதை நாம் எந்த எம்.எல்.ஏ.விடம் கேட்பது? இங்கிருப்பவர் நம்மிடம் ஓட்டு வாங்கவில்லை. அங்கிருப்பவர் நாம் ஊரில் இல்லை என்பதை அறிவார்.

வெளியூரில் இருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2022 டிசம்பரில் அறிவித்து, அடுத்த மாதம் கட்சிகளுக்குக் காட்டியது. எதிர்க்கட்சிகள் பலவும் சந்தேகம் கிளப்பின. பேச்சு அத்தோடு நின்றது. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இரண்டு ஊரிலும் கால் வைத்திருக்கும் நம்மவர்கள் பட்ட பாட்டை விரிக்க வேண்டியதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு இங்கேயே குடித்தனம் நடத்தி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைப்பவர்கள், ஊரில் பெயர் இருப்பது மரியாதை என்று நினைத்து இங்கே பதிவு செய்யாமல் இருக்கிறார்கள். கோயில் கொடைக்கு வரி கொடுக்க ஊர் போதும். விழிஞ்ஞத்துக்கு வரி கொடுக்கும் இடத்தில் ஓட்டும் இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. விழிஞ்ஞத்துக்கு இதுவரை யார் எவ்வளவு போட்டார்கள், அதில் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை கண்டெய்னர் வந்தது, வரி எவ்வளவு கிடைத்தது, நிரந்தர வேலை எத்தனை பேருக்கு, டில்லிக்குத் திருப்ப வேண்டியது எவ்வளவு: இதை ஆண்டுக்கு ஒருமுறை பட்ஜெட்டோடு ஒரே காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். அடுத்த கட்டங்களைக் கம்பெனியே தன் செலவில் 2028-க்குள் முடிக்கும் என்கிறார்கள். அந்த வாக்குறுதி எத்தனை மாதம் பின்தங்குகிறது என்பதையும் அதே காகிதத்தில் சேர்க்கட்டும். மலையாளத்தில் அச்சிடும்போது தமிழிலும் அச்சிடட்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதிப் பதில் பெற வழி செய்தது. 2025-இல் சட்டசபை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவிலும் மொழிச் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு சேர்த்திருக்கிறார்கள். இங்கே தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் அடுத்த கூட்டத்தில் பட்டிமன்றத்துக்கு முன்பாக அரைமணி நேரம் ஒதுக்கி, இந்தக் கணக்கைக் கேட்டுத் துறைமுக மந்திரிக்குத் தமிழில் ஒரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பலாம்.